1,500 ரூபாய்க்கு 49 மில்லிநொடி

கடலூர்–புதுச்சேரி தடத்தில் தனியார் பஸ் ஓட்டுகிறேன். வயது 45. புதுச்சேரி காமராஜர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கேம் சென்டரில் ‘ரியாக்ஷன் டைம் பயிற்சி’ (கண் பார்த்ததும் கை வேகமாக அசையப் பழக்குவது) என்று பத்து வகுப்புகள் எடுத்து முடித்திருக்கிறேன். கட்டணம் 1,500 ரூபாய். இந்த வயதில் இது எதற்கு என்று கண்டக்டர் முதல் டைம் கீப்பர் வரை சிரித்தவர்களில் இரண்டு பேர் பிறகு தனியாக வந்து, தங்கள் பையனைச் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகள் இருக்கின்றன, அதற்காக அங்கே வேலை செய்யும் தம்பியின் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பம் இல்லை.

முதலில் நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2001 வாக்கில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ப்ளேஸ்டேஷன் கடை இருந்தது. மணிக்குப் பத்து ரூபாய். இரண்டு பழைய டியூப் டிவி, நான்கு ஜாய்ஸ்டிக், அதில் ஒன்றுக்கு எப்போதும் மேல்நோக்கிப் போகாது. டெக்கன் 3 என்ற சண்டை விளையாட்டுதான் அங்கே ராஜா. அதில் எடி கோர்டோ என்ற வீரனை எடுத்துக்கொண்டு கண்ணை மூடி உதைப் பட்டன்களை அமுக்கினாலே ஜெயிக்கலாம் என்பதால், எடியை எடுப்பவனுக்கு எங்கள் கூட்டத்தில் மரியாதை கிடையாது. நான் கிங். ஜாகுவார் முகமூடி போட்ட மல்யுத்தக்காரன். நாங்கள் ‘புலித்தலை’ என்போம். அந்தக் கடையில் என்னைத் தோற்கடித்தவர்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். இது பெருமைக்காகச் சொல்வது அல்ல, சரி, பெருமைக்காகவும்தான்.

பிறகு லைசென்ஸ், பேட்ஜ், கல்யாணம். கேம் நின்றுபோனது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் குண்டு உப்பலவாடியில் எங்கள் வீட்டுக்குள்ளும் ஏறி, பழைய டிவியைக் கொண்டுபோனது. அதற்குப் பதிலாக 43 அங்குல எல்இடி டிவி வாங்கினோம். அதன் பின்னாலேயே மகளின் பிடிவாதத்தில் பழைய பிஎஸ்4 ஒன்றும், டெக்கன் 7-உம் வந்து சேர்ந்தன. அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். முதல் ஞாயிறு அவளிடம் பதினோரு ஆட்டம் ஆடி பதினொன்றிலும் தோற்றேன். அவள் எடுத்தது எடியை.

தோற்றதைவிட வேறொன்று உறுத்தியது. அடி வருவது கண்ணுக்குத் தெரிகிறது, கையும் பட்டனை அமுக்குகிறது, ஆனால் அதற்குள் அடி விழுந்துவிடுகிறது. பத்து முறையும் அப்படியே. அன்றிரவு தூக்கம் வரவில்லை. பட்டன் அமுக்கும் விரல் மந்தமானால் கேம்தான் போகும். பிரேக் மிதிக்கும் காலும் மந்தமாகியிருந்தால்? மறுநாள் முதல் சிங்கிள், அதாவது முதல் நடை, 4.40-க்கு. அந்த வாரம் முழுவதும் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரன் ஆரியங்குப்பம் பாலத்தில் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. மாடியில் அந்தப் போர்டைப் பார்த்தது அந்த வாரம்தான். முதலாளியிடம் எதுவும் சொல்லவில்லை.

கடையைப் பற்றி: படிக்கட்டு குறுகல், கைப்பிடி ஆடுகிறது. உள்ளே ஆறு கம்ப்யூட்டர்கள், இரண்டு கன்சோல்கள், ஓர் ஏசி. சுத்தம் பரவாயில்லை. நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன; இத்தனை வருடம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்த முதுகு சொல்கிறது, நம்பலாம். சாதாரணமாக விளையாட மணிக்கு 80 ரூபாய். 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் உள்ள இருக்கை என்றால் 30 ரூபாய் கூடுதல். வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துச் சந்தைக் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும், அன்று போகவே வேண்டாம்.

முதல் நாள் பரிசோதனை கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த லேப்டாப்பில் நடந்தது. திரை சிவப்பாக இருக்கும். பச்சையானதும் கிளிக் செய்ய வேண்டும். ஐந்து முறை. சராசரி 268 மில்லிநொடி. “பயப்படாதீர்கள் அண்ணா, பெரும்பாலானவர்கள் இருநூற்றைம்பதை ஒட்டித்தான் வருவார்கள். உங்களை இருநூற்றுப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம்” என்றான் பயிற்சி கொடுக்கும் தம்பி. இருபத்திரண்டு வயது இருக்கும். அவனுடைய பழைய மாணவர் ஒருவர் 95 தொட்டார் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று முதலாளிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.100 நொடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று வெளியே அனுப்பிவிடுகிறார்கள். காதுதான் கண்ணைவிட வேகம். அந்தக் காதுக்கே அவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்து 95 என்றால் பச்சை வருவதற்கு முன்பே விரல் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

பத்து வகுப்பில் பாதி நேரம் திரையில் தோன்றும் புள்ளிகளைத் துரத்தித் துரத்தி கிளிக் செய்வது. இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. புள்ளி கிளிக் செய்வதில் கெட்டிக்காரன் ஆனேன். டெக்கனில் புள்ளிகள் கிடையாது.

மீதிப் பாதி நேரம்தான் விஷயம். தம்பியும் நானும் டெக்கன் 8 ஆடுவோம். மூன்றாவது நாள் அவன் விளையாட்டை நிறுத்தி, ஒரு தாளில் கணக்குப் போட்டான். இந்த விளையாட்டு நொடிக்கு 60 படங்கள், அதாவது 60 பிரேம் ஓடுகிறது. மிக வேகமான குத்து, வெறும் கைக்குத்து, பத்தாவது பிரேமில் வந்து விழும். பத்து பிரேம் என்றால் 167 மில்லிநொடி. “உங்கள் நேரம் 268. என் நேரம் 205. நம் இரண்டு பேராலும் அந்தக் குத்தைப் பார்த்துத் தடுக்க முடியாது அண்ணா. உலகத்தில் யாராலும் முடியாது.” பிறகு எப்படித் தடுக்கிறார்கள்? வரும் முன்பே தடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்த்துத் தடுக்கக்கூடியவை மெதுவான அடிகள். பிரையன் என்ற வீரனின் கீழ்வெட்டு மாதிரி, அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்பவை. எது பார்க்க வேண்டியது, எது பார்த்துப் பயனில்லாதது என்று பிரித்துவைத்துக்கொள்வதுதான் பாதி ஆட்டம் என்றான்.

(இங்கே ஒரு கேள்வி. விளையாட்டே நொடிக்கு 60 பிரேம்தான் கொடுக்கிறது என்றால், நொடிக்கு 240 முறை புதுப்பிக்கும் மானிட்டருக்கு டெக்கன் ஆடுபவனிடம் எதற்கு 30 ரூபாய் கூடுதல்? சுடும் விளையாட்டுகளில் பிரேம் எண்ணிக்கை ஏறும், அங்கே வித்தியாசம் தெரியும். 60-இல் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி, 240-இல் 4.2. டெக்கனுக்கு அதில் கிடைப்பது சொற்பம். கேட்டேன். முதலாளி ஏசியின் ரிமோட்டைத் தேடப் போய்விட்டார்.)

அடுத்தது பிடிகள். கிங் எதிராளியைப் பிடித்துத் தூக்கி எறிவான். விடுபட வேண்டுமென்றால் அவன் நீட்டுவது இடக்கையா, வலக்கையா, இரண்டுமா என்று பார்த்து அதற்கேற்ற பட்டனை அமுக்க வேண்டும். கிங்கை வைத்து ஊரையே எறிந்தவன் நான். எறியப்படும் பக்கத்தில் நின்றபோதுதான் இது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. பத்தில் மூன்றில்தான் விடுபட்டேன், அதிலும் ஒன்று குருட்டாம்போக்கு. பச்சை வந்தால் கிளிக் என்பது ஒரே கேள்வி, ஒரே பதில். இங்கே மூன்று பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வுக்குத் தனி நேரம் பிடிக்கிறது. மகள் இதைத் தேடிப் படித்துவிட்டு வந்து ஒரு கதை சொன்னாள். டொண்டர்ஸ் என்ற டச்சு மருத்துவர் 1868-இலேயே இதை அளந்திருக்கிறார். காலில் லேசாக மின்சாரம் தொடவைத்து, அந்தப் பக்கத்துக் கையை அசைக்கச் சொன்னார். எந்தக் கால் என்று முன்பே தெரிந்தால் ஒரு நேரம். தெரியாவிட்டால் ஏறக்குறைய நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு கூடுதல். கேட்டதும் எனக்குக் கிளட்சும் பிரேக்கும்தான் ஞாபகம் வந்தன.

தம்பி செய்த ஒரே ஒரு திருத்தம் இதுதான்: “முகத்தைப் பார்க்காதீர்கள், தோள்களுக்கு நடுவில் பாருங்கள். கை நீண்டு முடிந்ததும் பார்த்தால் தாமதம். தோள் திரும்பும்போதே தெரியும்.” பிறகு விளையாட்டிலேயே உள்ள பயிற்சி முறையில், எதிரே நிற்கும் பொம்மைக்கு மூன்று பிடிகளையும் பதிவு செய்து, வரிசை இல்லாமல் மாற்றி மாற்றி வரவைத்து, ஒரு வகுப்புக்கு நூறு முறை என்னை எறியவிட்டான். எட்டாவது நாள் பத்தில் ஏழு. என் விரல் அன்றும் பழைய விரல்தான். கண் மட்டும் இடம் மாறியிருந்தது.

இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவன் வேண்டியிருந்தது என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் இதைத்தான் நான் தினமும் செய்கிறேன். முள்ளோடையில், எல்லை தாண்டியதும் மதுக்கடைகள். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே ரோட்டில் இறங்குபவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இறங்குவான் என்று அவனுக்கே தெரியாது. நான் ரோட்டைப் பார்ப்பதில்லை. கடை வாசலில் நிற்பவர்களின் தோளைப் பார்ப்பேன். தோள் ரோட்டுப் பக்கம் திரும்பினால் கால் ஏற்கெனவே பிரேக் மேல் இருக்கும். தவளக்குப்பத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோவின் முன்சக்கரம் லேசாக வலது பக்கம் மடங்கியிருந்தால் அவன் கிளம்பப் போகிறான். முன்பு ஒரு புத்தாக்கப் பயிற்சியில் சொன்னார்கள்: சாலை வடிவமைக்கும்போது டிரைவர் பார்த்து, புரிந்து, முடிவெடுத்து, பிரேக்கில் கால் வைக்க, சாலைக்கான விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2.5 நொடி ஒதுக்குகிறது என்று. கால் நொடியில் பட்டன் அமுக்குகிறவனுக்கு ஏன் இரண்டரை நொடி? பட்டன்காரனுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். ரோட்டில் தெரியாது. மணிக்கு 50 கிலோமீட்டரில் இரண்டரை நொடி என்றால் 35 மீட்டர். மூன்று பஸ் நீளம், பிரேக் பிடிக்கும் முன்பே. அந்த 35 மீட்டரை விரல் வேகத்தால் குறைக்க முடியாது, முன்கூட்டிப் பார்ப்பதால் மட்டுமே முடியும். இந்த வேலையை ரோட்டில் செய்துகொண்டே, டிவி முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோயிருந்தேன்.

ஆறாவது வகுப்பில் நடந்ததை எழுதாவிட்டால் இந்த விமர்சனம் நியாயமாகாது. கடையில் ஓரளவு தடுக்கிறேன், வீட்டுக்குப் போனால் மறுபடி அடி வாங்குகிறேன் என்று சொன்னேன். தம்பி கேட்டான்: “வீட்டில் டிவியா? கேம் மோட் போட்டிருக்கிறீர்களா?” எனக்குத் தெரியவில்லை. புதிய தட்டை டிவிகள் படத்தை வாங்கியதும் காட்டிவிடுவதில்லை. நிறம் கூட்டி, அசைவை மெழுகி, அழகு பார்த்த பிறகுதான் திரைக்கு அனுப்பும். சினிமாவுக்குப் பாதகமில்லை. விளையாட்டில் அந்த அலங்காரம் முடிவதற்குள் உதை விழுந்திருக்கும். கேம் மோட் போட்டால் அந்த அலங்காரம் குறைந்துவிடும். 2001-இன் டியூப் டிவியில் இந்தச் சிக்கல் இல்லை. வந்த சிக்னலை அப்படியே திரையில் இழுத்துக்கொண்டே போகும்.

அன்றிரவு மகள் கைப்பேசியில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் வேகத்தில், என் விரலும் டிவியும் ஒரே சட்டத்தில் தெரியும்படி வீடியோ எடுத்தாள். பட்டன் அமுங்கியதிலிருந்து கிங் அசையும் வரை எண்ணினால் 46 படங்கள். 192 மில்லிநொடி. டிவி மெனுவுக்குள் போய்ப் படப் பிரிவில் கேம் மோடைப் போட்டோம். மறுபடி எடுத்தாள். 31 படங்கள், 129. ரிமோட்டில் நான்கு முறை அமுக்கியதில் 63 மில்லிநொடி, விளையாட்டின் கணக்கில் கிட்டத்தட்ட நான்கு பிரேம். படம் கொஞ்சம் வெளிறிப்போனது. என் மனைவி சீரியல் பார்க்கும்போது பழையபடி மாற்றிக்கொள்கிறாள். ஒரு வாரம் என் காலைச் சந்தேகப்பட்டு ஊர்ந்து ஓட்டினேனே, அதற்குக் காரணம் ஒரு டிவி. (மகளும் அதே டிவியில்தானே ஆடினாள் என்று கேட்பீர்கள். அவள் பார்த்துத் தடுப்பதே இல்லை. ஓயாமல் அடிப்பாள். எடி.)

இனி கசப்பான பகுதி. பத்தாம் நாள் மறுபரிசோதனை. என்னை உள்ளே 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில், வயர் வைத்த மவுஸுடன் உட்காரவைத்தார்கள். சராசரி 219. அச்சிட்ட சான்றிதழில் ‘முன்பு 268, இப்போது 219, முன்னேற்றம் 49 மில்லிநொடி’ என்று பொன்னிற எழுத்து. கை குலுக்கினார் முதலாளி. 50 கிலோமீட்டர் வேகத்தில் 49 மில்லிநொடியில் பஸ் 68 சென்டிமீட்டர் நகரும், சும்மா இல்லை என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேதான் எழுந்தேன். கல்லாவைக் கடக்கும்போது அந்த லேப்டாப் கண்ணில் பட்டது. வயரில்லாத பழைய மவுஸ், மங்கலான திரை. “இதிலும் ஒரு தடவை பார்க்கட்டுமா?” என்றேன். முதலாளிக்கு முகம் சுருங்கியது, ஆனால் விட்டார். ஐந்து முறை. 263.

ஆக, 49-இல் 44 மானிட்டருடையதும் மவுஸுடையதும். என்னுடையது 5. அந்த ஐந்தும் அன்று எனக்கு வாராந்திர ஓய்வு நாள், எட்டு மணி நேரம் தூங்கியிருந்தேன் என்பதால் வந்திருக்கலாம். விடியற்காலை டூட்டி பார்த்துவிட்டு மாலையில் போன நாட்களில் 290 கூட வந்திருக்கிறது. தூக்கத்தைப் பற்றி அந்தப் பத்து வகுப்பில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் மின்சாரமே வேண்டாத சோதனை ஒன்றும் செய்திருந்தோம். மகளின் 30 சென்டிமீட்டர் ஸ்கேலை அவள் மேலே பிடித்துச் சொல்லாமல் விடுவாள். நான் விரலிடுக்கில் பிடிப்பேன். எத்தனை சென்டிமீட்டர் நழுவியது என்பதிலிருந்து நேரம் கிடைத்துவிடும், பிளஸ் ஒன் இயற்பியல்தான். பயிற்சிக்கு முதல் நாள் 24 சென்டிமீட்டர், அதாவது 0.221 நொடி. முடிந்த பிறகு 23, அதாவது 0.217. மகள் 17-இல் பிடித்துவிட்டாள், 0.186. பதினாறு வயதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் இருப்பது ஆறு சென்டிமீட்டர். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 2014-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடும் 3,305 பேரின் ஆட்டங்களை ஆராய்ந்து, 24 வயதிலிருந்தே வேகம் குறையத் தொடங்குகிறது, ஆனால் மூத்தவர்கள் வேறு வழிகளில் அதை ஈடுகட்டுகிறார்கள் என்று கனடாவில் எழுதியிருக்கிறார்களாம். இருபத்து நான்கு! எனக்கு அப்போது பேட்ஜே வரவில்லை.

ஏமாற்று என்று சொல்லமாட்டேன். முதலாளிக்கே அந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் முன்னும் பின்னும் ஒரே இயந்திரத்தில் அளக்காத சான்றிதழ் ஒரு டிக்கெட் தாளுக்குச் சமம் இல்லை. இதை அவரிடமே சொன்னேன். அடுத்த மாதம் முதல் உள்ளேதான் முதல் நாள் பரிசோதனையும் என்று சொல்லியிருக்கிறார். செய்தால் நல்லது, ஆனால் அப்புறம் சான்றிதழில் போட எண் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

பையனைச் சேர்க்கலாமா என்று கேட்ட இரண்டு பேருக்கும் என் பதில்: பத்து வகுப்புக் கட்டணம் வேண்டாம். மணிக்கு 80 ரூபாய் கொடுத்து ஐந்தாறு மாலை போகட்டும். சாதாரண இருக்கையே போதும். புள்ளி கிளிக் எல்லாம் வேண்டாம், அந்தத் தம்பியுடன் ஆடவேண்டும் என்று மட்டும் கேட்கட்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் அவன் காசு வாங்காமலே சொல்லிக்கொடுப்பான். நாலு மணிக்கு வந்து எட்டு மணி வரை இருப்பான். செவ்வாய்க்கிழமை அவனுக்கு விடுமுறை. போகும் முன் வீட்டு டிவியில் கேம் மோட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழை மகள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். 49-ஐச் சிவப்பு மையால் அடித்து 5 என்று திருத்தி, கீழே ஆசிரியர்கள் போடுவதுபோல் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். போன ஞாயிறு பதினோரு ஆட்டத்தில் நான்கு எனக்கு.